கூட்டு டிராக்டர் கிளம்பவில்லையா? ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி

ஒரே ஆள் ஓட்டும் டிராக்டர் ஒரு நாள் கிளம்பவில்லை என்றால், காரணம் பாதி அவருக்கே தெரிந்திருக்கும். நேற்று செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றியது, போன வாரம் மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தது என்று ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். அண்ணன், தம்பி, சித்தப்பா என்று மூன்று நான்கு வீட்டுக்குப் பொதுவான டிராக்டரில் அந்த வசதி இல்லை. நேற்று நிறுத்தியவர் ஒருவர், டீசல் ஊற்றியவர் இன்னொருவர், காலையில் சாவியைத் திருப்பிவிட்டு முழிப்பவர் நீங்கள். வண்டிக்கு என்ன ஆயிற்று என்பது மூன்று பேர் தலைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

டிராக்டர் ரிப்பேரில் இதுவரை கை வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதாரண டீசல் டிராக்டரைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வைத்த புதிய மாடல்களில் எங்கே கை வைக்கக் கூடாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் போனை எடுங்கள்

கடைசியாக ஓட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, நேத்து வண்டிய நீங்க நிறுத்தினீங்களா, இல்ல அதுவா நின்னுச்சா?"

இந்த ஒரு பதில் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். அவர் நிறுத்தி நின்றது, இன்று கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு பேட்டரி, ஒயர், செல்ஃப் பக்கம் இருக்கும். ஓடிக்கொண்டிருந்தபோதே தானாக விக்கி விக்கி நின்றது என்றால் டீசல் வரும் வழியில் இருக்கும். ஓடுகிற டீசல் இன்ஜினுக்குப் பேட்டரி பெரிதாக வேண்டியதில்லை. அதனால் பேட்டரி செத்தாலும் பழைய டிராக்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டீசல் நின்றால் ஒரு நிமிடம் கூடத் தாங்காது.

கேட்கும் விதமும் முக்கியம். "என்ன பண்ணித் தொலைச்சீங்க" என்கிற தொனி வந்துவிட்டால், "நான் ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் ஓடுச்சு" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குற்றம் கேட்பதாக இல்லாமல் விவரம் கேட்பதாக இருக்கட்டும். கடைசியாக டீசல் எப்போது ஊற்றியது, கேனிலிருந்தா பெட்ரோல் பங்கிலிருந்தா, ஃபில்டர், ஒயர், பெல்ட் எதையாவது யாராவது தொட்டார்களா, லைட்டை அணைத்தார்களா, இன்ஜினுக்குப் போகும் டீசல் குழாயை மூடினார்களா. இவ்வளவு போதும்.

கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. ஒருமுறை ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு எங்கள் சித்தப்பா வந்து, "ராத்திரி சொட்டுதுன்னு டேங்க் அடியில குழாயை மூடிட்டேனே, திறந்தியா?" என்றார். அன்றைக்கு அவரிடம் கோபப்பட எனக்கு முகமே இல்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கை வைக்கும் முன்

டிராக்டர் கிளம்பாமல் நிற்பது ஆபத்தில்லை. எதிர்பாராத நேரத்தில் கிளம்புவதுதான் ஆபத்து. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) விலகியிருக்க வேண்டும். பின்னால் கலப்பையோ ரோட்டவேட்டரோ தூக்கியபடி இருந்தால் அதைத் தரையில் இறக்கிவிட வேண்டும். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். கூட்டு வண்டியில் இது ரொம்ப முக்கியம்: நீங்கள் அடியில் கை விட்டிருக்கும்போது, "கிளம்புதான்னு பார்ப்போமே" என்று யாராவது ஏறிச் சாவியைத் திருப்பக் கூடும்.

அடுத்தது, செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க வண்டியைக் கிளப்பும் வித்தை. நிறைய பேர் செய்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். கியரில் இருக்கும்போது வண்டி கிளம்பாமல் தடுக்கும் சுவிட்சை இது முழுதாகத் தாண்டிவிடும். கிளம்பிய நொடியே வண்டி நகரும். ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். டிராக்டர் ஏறி உயிர் போகும் விபத்துகளில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கதை இது.

பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அது வெடிக்கும். டீசல் விஷயத்தில் வேண்டிய எச்சரிக்கையை அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், டெஸ்ட் லைட், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர், ஒரு கண்ணாடி பாட்டில், நிறைய பழைய துணி.

சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

இதற்கு ஒரு நிமிடம் ஆகும். வெட்கப்பட வைக்கும் காரணங்கள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாப் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? அது இழுத்தபடியே இருந்தால் செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் பெரிய பம்பு டீசலை விடாது. கேபிள் துருப்பிடித்திருந்தால் நாப் உள்ளே போன மாதிரி இருக்கும், ஆனால் பம்பு முனையில் நெம்புகோல் திரும்பியிருக்காது. இறங்கிப் போய் பம்பு பக்கத்தில் கண்ணால் பாருங்கள். சில வண்டிகளில் நாப் இருக்காது. சாவியே அந்த வேலையைச் செய்யும். அதில் சாவியை ஆன் செய்ததும் பம்பிலிருந்து 'டிக்' என்று சின்னச் சத்தம் வர வேண்டும். அது டீசலைத் திறந்து மூடும் மின்காந்த வால்வின் (ஸ்டாப் சாலினாய்டு) சத்தம். சத்தம் வரவில்லை என்றால் அதற்குப் போகும் ஒயர் கழன்றிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம்.

பிறகு கிளட்ச், கியர், பி.டி.ஓ. இவற்றில் ஏதாவது ஒன்று தவறான நிலையில் இருந்தாலும் பல டிராக்டர்களில் செல்ஃபுக்கு மின்சாரம் போகாது. வேக வரம்பை மாற்றும் ஹை-லோ நெம்புகோலையும் மறக்க வேண்டாம். கிளட்ச்சை அரைகுறையாக மிதிக்காமல் அடிவரை மிதியுங்கள். கியரை ஒருமுறை போட்டு எடுத்து மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சீட்டுக்கு அடியில் சுவிட்ச் வைத்த மாடல்களும் உண்டு. கீழே நின்றபடி சாவியைத் திருப்பினால் அவை மூச்சுவிடாது.

டீசல் முள்ளை நம்ப வேண்டாம். மூடியைத் திறந்து சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். அப்படியே இன்ஜின் ஆயில் குச்சியையும் உருவிப் பார்த்துவிடுங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்பு) ரப்பர்ச் சவ்வு கிழிந்தோ பம்பு சீல் போயோ டீசல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும்.

இப்போது சாவியைத் திருப்பி, காதைக் கொடுங்கள்

எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், இனி சத்தம்தான் வழிகாட்டி. ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடித்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கிறது. தொடர்ந்து அடித்தால் சுருள் வெந்துவிடும், அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

சத்தமே இல்லை, அல்லது ஒரே ஒரு 'டக்', அல்லது 'டகடகடக' என்று துடிப்பு, அல்லது நோஞ்சான் மாதிரி மெதுவாகச் சுற்றுவது: இந்த நான்கையும் ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் போதவில்லை, அல்லது வந்து சேரவில்லை.

மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் முன்னால் ஓரமாக நின்று பார்க்கட்டும், இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. எரிந்த லைட் செல்ஃப் அடித்ததும் மங்கி அணைகிற மாதிரி ஆனால் பேட்டரி பலம் இழந்திருக்கிறது, அல்லது கனமான கேபிளின் முனைகள் அழுக்காகியிருக்கின்றன. லைட் கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் பேசவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். சாவி சுவிட்ச், பியூஸ், நியூட்ரல் சுவிட்ச், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டு என்று அந்த வரிசையில் தேட வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற நிலையில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இது போதாது, பேட்டரியின் உண்மையான குணம் பாரம் ஏற்றும்போதுதான் தெரியும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ஒன்று சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியே முடிந்துவிட்டது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிப் பார்த்து அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஆனால் புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் டெர்மினலை, அதாவது பேட்டரி முனையை, சுத்தம் செய்யுங்கள். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். கூட்டு வண்டியில் பேட்டரி மாற்றச் சொன்னால் நாலு பேரிடம் பணம் பிரிக்க வேண்டும். கம்பி பிரஷுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். முனையில் வெள்ளையாக, பச்சையாக உப்புப் பூத்திருக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் கிளாம்புக்கு உள்ளே கறுத்திருக்கலாம், அதனால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றும்போது எர்த் (நெகட்டிவ்) முனை முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். எர்த் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய தீப்பொறியோடு ஷார்ட் ஆகும். அதனால்தான் இந்த வரிசை. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உப்பைக் கழுவலாம், பேட்டரியின் துவாரங்களுக்குள் மட்டும் அது போகக் கூடாது. முனையைப் பிரஷால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

பேட்டரி முனையோடு நிறுத்தாதீர்கள். எர்த் கேபிளின் மறுமுனை இன்ஜினிலோ சேசிஸிலோ ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். அந்த இடத்தில் பெயின்ட்டும் சேறும் துருவும் அப்பியிருப்பதை யாரும் பார்ப்பதே இல்லை. மீட்டரில் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே பார்க்கலாம். முள்ளை முதலிலேயே மாட்டி வைத்துவிட்டு, ஆள் சக்கரத்தை விட்டு விலகி நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். சோதனை நேரத்தில் வண்டி கிளம்பிவிடாமல் ஸ்டாப் நாப்பை இழுத்து வைப்பது நல்லது.

பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் வகை என்றால் தட்டுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். சார்ஜ் போடும் முன் தட்டு மூழ்கும் அளவு போதும். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும்.

இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருந்தால், இரண்டும் 12 வோல்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்புக் கேபிளைக் காலியான பேட்டரியின் பாசிட்டிவ்வில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டி, அதன் கடைசி முனையைக் காலியான வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி முனையில் தீப்பொறி வரும். அது பேட்டரிக்கு மேலே வரக் கூடாது.

மின்சாரம் எல்லாம் சரி, 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு நிற்கிறது என்றால் சாலினாய்டின் உள் தொடுப்புகளோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். 'ங்ங்ஙீ' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி, இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பல் இன்ஜினின் பல்சக்கரத்தைக் கடிக்கவில்லை. இரண்டுக்கும் செல்ஃபைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. நல்ல மழைக்குப் பிறகு, சைலன்சருக்கு மூடி இல்லாமல் நின்ற வண்டி, செல்ஃப் அடித்ததும் 'டொக்' என்று முட்டி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, விடாமல் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஒரேயடியாக அமுக்கும்போது அது டீசல் பற்றும் அளவுக்குச் சூடாகிறது. அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. ஆகவே வேண்டியவை வேகமான சுழற்சி, காற்று, டீசல். சுழற்சி இருக்கிறது. மீதி இரண்டில் எது இல்லை என்பதைச் சைலன்சர் சொல்லும்.

செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. கறுப்புப் புகை வந்தால் டீசல் இருக்கிறது, காற்று இல்லை.

கறுப்புக்கு ஏர் கிளீனரைத் திறந்தால் போதும். தூசி அடைத்திருக்கும், அல்லது காற்றுக் குழாய்க்குள் குளவியோ எலியோ குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். பல நாள் நின்ற வண்டி என்றால் சைலன்சர் வாயையும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளைப் புகைக்குக் குளிர் ஒரு காரணம். சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் ஹீட்டரோ இருந்தால், வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் வரை சூடேற்றிவிட்டு அடியுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஏர் கிளீனருக்குள் அடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஹீட்டர் உள்ள வண்டியில் அது காற்றுக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். இல்லாத வண்டியிலும் பிஸ்டன் ரிங்கை உடைக்கக் கூடும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் வெள்ளைப் புகை வரும், அதற்கு வழி கீழே இருக்கிறது. கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் பலம்) குறைந்தாலும் வரும். ஆனால் நேற்று வரை ஒரே அடியில் கிளம்பிய வண்டிக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்ரஷன் போவது அபூர்வம். "இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால், முதலில் ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

புகையே இல்லாததுதான் அதிகம் நடப்பது. நம் முதல் கேள்விக்கு "அதுவா நின்னுச்சு" என்று பதில் வந்திருந்தால், நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

டீசல் போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். டேங்க், குழாய், தண்ணீர் தங்கும் கிண்ணம், ஃபீட் பம்பு, ஒன்றோ இரண்டோ ஃபில்டர், பெரிய பம்பு, அங்கிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கனமான இரும்புக் குழாய். வண்டிக்கு வண்டி இடம் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. டேங்கிலிருந்து தொடங்கி இன்ஜினை நோக்கித்தான் தேட வேண்டும், பின்னாலிருந்து வரக் கூடாது.

டேங்க் குழாயைத் திறந்து, ஃபீட் பம்புக்குள் நுழையும் குழாயின் முனையைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விடுங்கள். பம்பை விட டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் டீசல் தாராளமாகக் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிடுங்கள். திறந்ததும் வேகமாக வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். மூடியைத் திறந்தும் வரவில்லை என்றால் குழாயிலோ டேங்க் அடியிலோ கசடு. கால் பம்பால் குழாயைப் பின்பக்கமாக ஊதலாம். வாயால் உறிஞ்சாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த டீசலைக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் கனம், அது அடியில் தனிக் கோடாகத் தங்கிவிடும். கோடு தெரிந்தால் டேங்க் அடிப் போல்ட்டைத் திறந்து, சுத்தமான டீசல் வரும் வரை வடிக்க வேண்டும். கிண்ணத்தைக் கழுவ வேண்டும். ஃபில்டரை மாற்ற வேண்டும். கறுப்பாகக் கொழகொழவென்று ஒட்டினால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களின் பாசி அது. டேங்கையே இறக்கிக் கழுவினால்தான் தீரும். யார் கேனில் ஊற்றினார்கள் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் மாற்றும்போது ஒரு சின்னக் கவனம். பழைய ரப்பர் வளையம் சில சமயம் மேல் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். வெளியே பெரிதாக ஒழுகாது, உள்ளே காற்று இழுக்கும்.

ஏர் எடுப்பது

ஃபில்டர் மாற்றினாலும், டீசல் தீர்ந்து நின்றாலும், குழாயைக் கழற்றினாலும் உள்ளே காற்று புகுந்துவிடும். பெரிய பம்புக்கு டீசலைத் தள்ளத்தான் தெரியும். காற்று வந்தால் அது அமுங்கி அமுங்கி விரியுமே தவிர இன்ஜெக்டரைத் திறக்காது. இந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் மிரளும் இடம் இது. பழகினால் 15 நிமிட வேலை.

டேங்கில் போதிய டீசல் இருக்க வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும், ஸ்டாப் நாப் உள்ளே இருக்க வேண்டும். ஃபீட் பம்பில் கையால் அடிக்கும் சின்ன நெம்புகோல் அல்லது அமுக்கும் குமிழ் இருக்கும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல் வரும், கடைசியில் குமிழியே இல்லாமல் கண்ணாடி மாதிரி வரும். அது வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். வருவது நின்ற பிறகு இறுக்கினால் மறுபடி காற்று உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் இருந்தால் டேங்க் பக்கத்து ஃபில்டர் முதலில், அடுத்தது பிறகு. அதற்கப்புறம் பெரிய பம்பின் ஏர் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள்.

கைப்பம்பு அடித்தால் கனமே தெரியவில்லை, கை சும்மா ஆடுகிறது என்றால் பம்பு கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் கேம் அந்த நேரத்தில் அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். செல்ஃபை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

பல வண்டிகள் இதோடு கிளம்பிவிடும். கிளம்பவில்லை என்றால் இன்ஜெக்டர் குழாய்களில் இருக்கும் காற்றையும் எடுக்க வேண்டும். இங்கே நிதானம் வேண்டும். இன்ஜெக்டரிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வரும். ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், ஆனால் சதை அழுகிக் கை போகிற அளவுக்கு முற்றலாம். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒழுகுகிறதா என்று விரலை வைத்துத் தடவக் கூடாது. இன்னொன்று: காமன் ரெயில் வகை இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் டீசலை மிக உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும், கம்ப்யூட்டர் வைத்த வகை) இந்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் கையேட்டைப் பாருங்கள், அதுவரை இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

பழைய வகைப் பம்பு என்றால், இரண்டு இன்ஜெக்டர்களின் முனை நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மேலே துணியைப் போட்டு, முகத்தையும் கையையும் விலக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து செல்ஃப் அடிக்கட்டும். துணி நனைய ஆரம்பித்ததும் செல்ஃபை நிறுத்தி, நட்டை இறுக்கி, மறுபடி அடியுங்கள். இன்ஜின் முதலில் ஒரு சிலிண்டரில் தடதடவென்று தள்ளாடும், பிறகு மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஆக்சிலேட்டரை உடனே குறைக்கச் சொல்லுங்கள்.

கிளம்பி ஒரு நிமிடம் ஓடி மறுபடி நின்றால், எங்கேயோ இன்னும் காற்று இழுக்கிறது. பெரும்பாலும் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் குழாய், கிளிப், அல்லது பழைய செம்பு வாஷர். வெடித்த ரப்பர்க் குழாயைக் கண்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கிளம்பிய பிறகு

உடனே சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி பிரச்சினையாக இருந்திருந்தால், ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. நாளை காலை இதே கதை. டீசல் பிரச்சினையாக இருந்திருந்தால் கால் மணி நேரம் ஓடவிட்டு, திறந்த ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கசிகிறதா என்று அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து கிளம்பவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. பம்பையோ இன்ஜெக்டரையோ வீட்டில் பிரிக்க வேண்டாம். "கிளம்பல, வாங்க" என்று மட்டும் சொல்லாமல், "செல்ஃப் நல்லா சுத்துது, புகை வரல, ஃபில்டர் வரைக்கும் டீசல் வருது, ஏர் எடுத்தாச்சு" என்று சொல்லுங்கள். அவர் எந்தக் கருவியைக் கொண்டுவர வேண்டும் என்பது போனிலேயே முடிவாகிவிடும்.

வண்டியில் கருவிப் பெட்டிக்குள் பாலிதீன் உறையில் ஒரு நோட்டு போட்டு வையுங்கள். வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரின் எண், தேதி, ஓட்டியவர், டீசல் அளவு, பிறகு ஒரு வரி: "நான் நிறுத்தினேன்" அல்லது "அதுவா நின்றது". எழுதச் சோம்பல் படுகிறவர் வீட்டுக்கு வீடு ஒருவர் இருப்பார். எங்கள் சித்தப்பா நோட்டில் எழுதுவதே இல்லை. ஆனால் டேங்க் குழாயை மூடினால் இப்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போகிறார்.